தலையில்லாத சேலையும் டீச்சரின் கையும்

நான் வேலை செய்த கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் முதலாளி குடியிருந்தார். மற்ற அறையில் ஒரு கொம்பியூட்டர், ஒரு தொலைபேசி, ரிப்பன் சுருள்கள், மடிக்காத காட்போட் பெட்டிகள். அவ்வளவுதான் கடை. வாங்குகிற யாரும் அந்தப் படிகளில் ஏறி வந்ததில்லை. அவர்கள் ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில் இருந்தார்கள். அங்கே கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைப் பார்த்து, கொழும்பில் இருக்கிற அம்மாவுக்குப் பிறந்தநாள் கேக், தங்கைக்குச் சேலை, மாமாவுக்குப் பழக்கூடை என்று தெரிவுசெய்து காசைக் கட்டுவார்கள். நாங்கள் இங்கே பொருளை எடுத்துக் கட்டி, முச்சக்கர வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

முதலாளியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். முன்பு வங்கியில் இருந்தவர். கணவர் கட்டாரில். ரொறன்ரோவில் இருந்த தம்பிதான் இணையத்தளத்தைச் செய்து கொடுத்து, அதைப் பராமரித்தும் வந்தார். அக்கா வேகமாகக் கதைப்பார், அதைவிட வேகமாக முடிவெடுப்பார். என்னை வேலைக்கு எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இங்கிலிஷில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னார், சிங்களத்தில் ஒரு பேக்கரியோடு தொலைபேசியில் கதைக்கச் சொன்னார், நாளைக்கு வா என்றார்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் கிளார்க். சமாதானம் என்று நகரம் கொஞ்சக் காலம் மூச்சு விட்டிருந்து, சோதனைச் சாவடிகள் திரும்ப முளைத்துவிட்ட நேரம் அது. காலையில் பஸ்ஸில் போகும்போது இறக்குவார்கள், அடையாள அட்டையைக் காட்டி நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏற வேண்டும். அப்பாவுக்கு நான் நகரத்தைக் குறுக்கறுத்து வேலைக்குப் போவதே பிடிக்கவில்லை. கடை என்றதும் இன்னும் முகம் சுருங்கியது. வாங்குகிற ஆட்கள் யாரும் கடைக்கு வரமாட்டார்கள் என்று விளக்கிய பிறகு, அது ஒரு நல்ல கடையாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அம்மா வந்தார்.

சேர்ந்த மாதமே முதல் சண்டை வந்தது. தளத்தில் இருந்த படங்கள் எல்லாம் தம்பி எங்கேயோ பிடித்துப் போட்டவை. பிறந்தநாள் கேக் என்ற இடத்தில் மூன்று அடுக்கில் பால் வெள்ளை நிறத்தில் ஒன்று நிற்கும். மேலே ஸ்ட்ரோபெரிப் பழங்கள் பனித்துளியோடு மின்னும். அதைப் பார்த்து லண்டனில் இருந்து ஒரு மகள் ஓர்டர் கொடுத்தா. கொட்டாஞ்சேனையில் எங்களுக்குக் கேக் அடிக்கும் பேக்கரிக்காரர் ஒரே அடுக்கில், மேலே சிவப்புச் சீனிச் செர்ரி வைத்து, ஓரத்தில் ரோஸ் நிற ஐசிங்கால் பூ சுற்றி அனுப்பினார். வழியில் சாவடியில் பெட்டியைத் திறந்து பார்த்ததில் ஒரு பூ மூடியோடு போய்விட்டது. வாங்கிய அம்மா சந்தோசமாகத்தான் இருந்தார். ஆனால் கேக்கோடு நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் மகள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி எங்களுக்கு அனுப்பியிருந்தா. கீழே ஒரு வரிதான். இரண்டுக்கும் என்ன சொந்தம் என்று கேட்டிருந்தா.

அக்கா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, இனி எங்கள் கேக்குக்கு எங்கள் படம்தான் என்று அறிவித்தார். யார் எடுப்பது என்று தம்பி கேட்க, அக்கா என்னைப் பார்த்தார்.

சிங்கப்பூரில் இருந்து வந்த ஒருவர் மூலம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டிஜிட்டல் கமரா வந்து சேர்ந்தது. எனக்கு அதுவரை கமரா என்றால் திருமண வீட்டில் முன்வரிசையை மறைக்கிற ஆள் வைத்திருப்பது. முதல் கேக்கை மேசையில் வைத்து எடுத்தேன். ஃபிளாஷ் அடித்ததில் ஐசிங் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பு போல வந்தது. ஃபிளாஷை நிறுத்தினேன், கேக் சாம்பல் நிறமாகிவிட்டது. பின்னால் தொங்கவிட்ட வெள்ளைத் துணி காற்றாடிக்கு ஆடியது. காற்றாடியை நிறுத்தினோம், ஐசிங் உருகத் தொடங்கியது. கடைசியில் ஒரு படம் சுமாராக வந்தது. அதைத் தளத்தில் போட்டோம். அது உண்மையான கேக்கின் உண்மையான படம். அந்தக் கிழமை ஏழு நாளும் ஒருவரும் கேக் கேட்கவில்லை.

தம்பி ரொறன்ரோவில் இருந்து பொறுமையாக விளக்கினார். ஆட்கள் கேக்கை மணந்து பார்க்க முடியாது, தொட்டுப் பார்க்க முடியாது, அவர்களுக்குப் படம்தான் கடை, படம்தான் சேல்ஸ்மன் என்றார். அக்கா எல்லாவற்றையும் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, ரிசீவரை வைத்ததும், “அவனுக்கென்ன, அங்க குளிர். ஐசிங் நிக்கும்,” என்றார்.

சேலைகளின் கதை அதைவிட மோசம். காலி வீதிக் கடை ஒன்று படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் சேலைகளைத் தந்தது. ஹாங்கரில் தொங்கவிட்டு எடுத்தேன். காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. மடித்து வைத்து எடுத்தேன். மேசை விரிப்பு மாதிரி இருந்தது. ஆள் உடுத்தால்தான் சேலை என்று தம்பி சொல்லிவிட்டார். ஆளுக்கு எங்கே போவது? அக்கா தன்னை ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன் பருமனுக்குச் சேலை முன்பக்கத்திலேயே முடிந்துபோகும் என்று விலகிக்கொண்டார். மிச்சம் நான்.

வீட்டில் கேட்டேன். மகளின் முகம் கொம்பியூட்டரில் ஊர் உலகம் எல்லாம் போவதை அப்பா கற்பனை செய்து பார்த்து, கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். முகம் வராது, கழுத்துக்குக் கீழேதான் என்று நான் சொன்னேன். அது இன்னும் மோசமில்லையா என்று யோசித்தார். அம்மாதான் காப்பாற்றினார். கழுத்துக்குக் கீழே இருப்பது சேலைதானே, அது கடைக்காரனுடையதுதானே என்றார். அந்த நியாயத்தில் எங்கேயோ ஒரு ஓட்டை இருந்தது, ஆனால் அப்பாவுக்கு அதைக் கண்டுபிடிக்க நேரமிருக்கவில்லை.

வெளிச்சத்துக்காக மொட்டை மாடிக்குப் போனோம். அங்கேயிருந்து பார்த்தால் தென்னைகள், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் முழுக் கடலும். நான் சேலையை உடுத்திக்கொண்டு நிற்க, அக்கா கமராவோடு முன்னும் பின்னும் நடந்தார். கடற்காற்று முந்தானையைத் தூக்கிப் பிடித்தது. காசு கொடுத்தாலும் அப்படி ஒரு ஆள் பிடிக்கமாட்டார். படங்களைச் சின்னத் திரையில் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கழுத்துக்குக் கீழே நான் பெரிய இடத்துப் பெண்ணாக இருந்தேன். கால்களில் இருந்த பாட்டா செருப்பை அக்கா கவனமாக வெட்டிவிட்டார்.

அந்தச் சேலைகள் போயின. மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒன்று, ஒரே கிழமையில் நாலு ஊர்களில் இருந்து கேட்டார்கள். நான் பஸ்ஸில் போகும்போது யாராவது அந்த மஞ்சளைக் கட்டிக்கொண்டு ஏறுவார்களா என்று பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாவது தடவை மாடிக்குப் போன அன்றைக்குத்தான் அது நடந்தது. நான் ஊதா நிறப் பட்டில், விலைச்சீட்டு இடுப்பில் தொங்க, ஒரு கையைச் சுவரில் வைத்து நின்றேன். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இரண்டு ராணுவத்தினர், பின்னால் ஒரு பொலிஸ்காரர், அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கீழ்வீட்டுக் காவலாளி. கடலோர வீதியில் நின்ற யாரோ, மாடியில் ஒருவர் ரயில் பாதையைப் படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. அந்த நாட்களில் அந்த ஒழுங்கையில் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போன சிலர் அடுத்த நாள் வந்தார்கள், சிலர் பல மாதம் கழித்து வந்தார்கள், ஒருவர் வரவே இல்லை. அக்காவின் உதடு காய்ந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஆனால் குரல் மட்டும் பேக்கரிக்காரரோடு கதைக்கிற அதே சிங்களத்தில், அதே வேகத்தில் வந்தது. சேலை, இணையம், வெளிநாடு, ஓர்டர் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

மூத்தவராகத் தெரிந்த ராணுவக்காரர் கமராவை வாங்கி, பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தார். சேலை. சேலை. கேக். சேலை. பழக்கூடை. சேலை. அவர் நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, “ஒலுவ கோ?” என்று கேட்டார். தலை எங்கே என்று அர்த்தம்.

அக்கா என்னைக் காட்டினார். இவளுடைய அப்பா முகத்தைப் போட விடமாட்டார் என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டார். கொட்டாஞ்சேனை என்று இருந்ததைப் பார்த்து, அங்கேயிருந்து இங்கே எதற்கு என்று கேட்டார். வேலை என்றேன். என் சிங்களம் அன்று பாதியாகச் சுருங்கிவிட்டது. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் அட்டையைக் கையில் வைத்திருந்தார். பிறகு, அப்பா சொன்னது சரிதான், முகத்தைப் போடக் கூடாது என்று சிங்களத்தில் சொல்லி அட்டையைத் திருப்பித் தந்தார். கடலும் ரயில் பாதையும் தெரிகிற படங்கள் எல்லாவற்றையும் தானே ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியில் மிஞ்சியவை கேக்கும் பழக்கூடையும் மட்டும். இனிக் கமராவோடு மேலே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். நானும் இருந்தேன், கடைக்காரனுடைய பட்டோடு. சேலையில் அழுக்குப் பிடிக்கும் என்று அக்கா சொல்லவில்லை. அதிலிருந்துதான் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று விளங்கியது.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா இரண்டு நாள் என்னை வேலைக்குப் போக விடவில்லை. மூன்றாம் நாள் அக்கா கொட்டாஞ்சேனைக்கே வந்து, இனி வீட்டுக்குள்ளேதான் வேலை, மாடி இல்லை, சேலை உடுத்துவதும் இல்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்து என்னை மீட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் என்றால் வெளிச்சம் வேண்டும். எங்கள் இரண்டு அறைக்கும் யன்னல்கள் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருந்தன. எதிர் வீட்டுக்கு மட்டும் மேற்குப் பக்கம் பெரிய யன்னல். அந்த வீட்டில் ஓர் அறையையும் முன் ஹோலையும் வாடகைக்கு எடுத்து ஒரு டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கனடாவில் இருக்கும் மகள் ஸ்பொன்சர் செய்திருக்க, விசாவுக்காகக் காத்திருந்தார். வெள்ளவத்தையில் அப்போது பாதிப் பேர் அப்படித்தான் காத்திருந்தார்கள். டீச்சர் எதற்கும் அமைதியாகக் காத்திருக்கிற ஆள் இல்லை. ஒழுங்கையில் எந்த வாகனம் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வீட்டில் என்ன சமையல் எல்லாம் அவருக்குத் தெரியும். பின்னேரங்களில் யன்னலைக் கொஞ்சம் தாருங்கள் என்று அக்கா கேட்டபோது, தான் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்றால் சம்மதம் என்றார்.

பார்க்கிறதோடு அவர் நிற்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தது எங்கள் பிழை. நான் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு ஒரு ரிப்பன் கேக்கை வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பிரம்புக் கதிரையில் இருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“ஏன் பிள்ளை வெட்டாமல் வைச்சிருக்கிறியள்?”

வெட்டினால் அழகு போய்விடும் என்றேன்.

“வெட்டாத கேக்குக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? ரிப்பன் கேக் எண்டு சொல்லுறியள். ரிப்பனைக் காட்ட வேண்டாமே?”

நான் பதில் யோசிப்பதற்குள் எழுந்து போய், தன் கண்ணாடி அலுமாரியில் இருந்து நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, கேக்கை அதற்கு மாற்றி, கத்தியை வைத்து அழுத்தினார். உள்ளே இருந்த ரோஸும் பச்சையும் மஞ்சளும் வெளியே வந்தன. அந்த நேரம் யன்னல் வெளிச்சம் சரியாக அதில் விழுந்தது. நான் யோசிக்காமல் அமத்திவிட்டேன்.

படத்தில் டீச்சரின் கை இருந்தது. நரம்பு தெரிகிற மெல்லிய கை, இரண்டு மெலிந்த காப்புகள். கேக்கின் துகள்கள் தட்டில் கொட்டியிருந்தன. வெள்ளைத் துணி ஒரு பக்கம் நழுவி, பின்னால் பூப்போட்ட திரைச்சீலையின் ஒரு துண்டும் மேசையில் சுடுதண்ணிப் போத்தலின் பாதியும் தெரிந்தன. அக்காவுக்குக் காட்டினேன். குப்பை என்றார். அழித்துவிட்டு நாளைக்கு ஒழுங்காக எடுக்கலாம் என்று முடிவானது. ஆனால் அதை நான் ஏற்கெனவே மற்றவற்றோடு தம்பிக்கு அனுப்பியிருந்தேன். அவருக்கு அன்று நேரமில்லை. வந்த முதல் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார்.

அந்த ஞாயிறு மட்டும் வந்த ரிப்பன் கேக் ஓர்டர்களைப் பார்த்து, கொட்டாஞ்சேனைப் பேக்கரிக்காரர் யாருக்காவது கலியாணமா என்று கேட்டார்.

முதலில் நாங்கள் எதையும் புரிந்துகொள்ளவில்லை. பிறகு ஓர்டர்களோடு வந்த குறிப்புகளை வாசித்தோம். படத்தில் இருக்கிற மாதிரியே வெட்டிக் கொடுக்க முடியுமா என்று ஒருவர். அந்தத் தட்டும் சேர்த்து வருமா என்று ஒருவர். சுவிஸில் இருந்து ஒரு பெண், அந்தத் திரைச்சீலைத் துணி எங்கே வாங்கினது, தங்கள் வீட்டிலும் அதேதான் இருந்தது என்று எழுதியிருந்தா. கேக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கேக்குக்குக் காசு கட்டியிருந்தா.

அக்காவுக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அடுத்த நாளே வெள்ளைத் துணியைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் எறிந்தார். கடையில் இருந்த எல்லாப் பொருட்களும் ஒவ்வொன்றாக டீச்சர் வீட்டுக்கு ஊர்வலம் போயின. பழக்கூடை டீச்சரின் சாப்பாட்டு மேசையில், பக்கத்தில் பாதி உரித்த தோடம்பழம். குக்கர் அவருடைய குசினியில், ஆவியோடு. பிஸ்கட் டின் திறந்து, பக்கத்தில் தேத்தண்ணி. ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு மூலையில் அந்தக் கை. புறக்கோட்டைக்குப் போய் அதே நீலக் கரைத் தட்டுகளையும் கண்டுபிடித்து வாங்கி வந்து, கேக்கோடு சேர்த்து விற்றோம்.

சேலைக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. டீச்சர் ஊதாப் பட்டை எடுத்துப் பிரம்புக் கதிரையின் கைப்பிடியில் சும்மா போட்டார். பக்கத்தில் கைப்பை, ஒரு முழம் மல்லிகை. யாரோ குளித்துவிட்டு வந்து இப்போது உடுத்தப் போகிறார் என்பது போல இருந்தது. அந்தச் சேலை நான் உடுத்தி நின்ற சேலைகளைவிட நன்றாக விற்றது. எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. ஒரு கதிரையிடம் தோற்றுப்போனேன் என்று வீட்டில் சொன்னபோது, சிரிக்காமல் இருக்க அப்பா பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

டீச்சருக்கு இதெல்லாம் பெரிய உற்சாகம். படம் எடுக்கிற நாட்களில் மத்தியானமே கைக்கு எண்ணெய் பூசிக்கொள்வார். நகத்தை வெட்டி வட்டமாக்கி வைப்பார். மகள் கனடாவில் இருந்து அழைக்கும்போது, விசா அலுவலகத்தில் இருந்து ஒன்றும் வரவில்லை என்ற செய்தியை ஒரு வரியில் முடித்துவிட்டு, இன்றைக்குக் குக்கரோடு நின்றனான் என்று தொடங்குவார்.

ஒரு நாள் நோர்வேயில் இருந்து ஓர் ஓர்டர் வந்தது. ரிப்பன் கேக் ஒன்று. அனுப்புகிறவரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் அந்த எண்ணுக்கு எடுத்தேன்.

முப்பது வயதிருக்கும் குரல். மீன் தொழிற்சாலையில் வேலை, இப்போதுதான் முடிந்து வந்தேன் என்றார். விலாசத்தைக் கேட்டேன்.  தனக்குக் கொழும்பில் ஒருவரும் இல்லை என்றார். தாய் ஊரில் காலமாகிவிட்டாராம். அந்த நேரம் சண்டையால் ஊருக்குப் பாதை பூட்டியிருந்ததாம், திறந்திருந்தாலும் தன்னிடம் நாட்டுக்குப் போய்வரக் கடதாசிகள் இருக்கவில்லையாம். இதையெல்லாம் ஒரே மூச்சில், முகவரி சொல்வது போலத்தான் சொன்னார்.

“அந்தப் படத்தில ஒரு அம்மா கேக் வெட்டுறா. கைதான் தெரியுது. அவவுக்குக் குடுங்கோ. ஏலுமே?”

நான் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அக்காவுக்குச் சொன்னேன். எதற்கும் உடனே முடிவெடுக்கிற அக்கா, அதற்கு மட்டும் ரிப்பன் சுருளை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேருமாக எதிர் வீட்டுக்குப் போனோம்.

டீச்சர் முழுவதையும் கேட்டார். யார் அந்தப் பிள்ளை, எந்த ஊர் என்று விசாரித்தார். எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். கேக்கை நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்றேன்.

“கொண்டு வராதேங்கோ. நான் முட்டை சேர்க்கிறேல்ல.”

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாதக்கணக்காக எங்கள் கேக் எல்லாவற்றையும் அவர்தான் வெட்டினார். படம் எடுத்து முடிந்ததும் நாங்கள் அங்கேயே நின்று சாப்பிடுவோம், மிச்சத்தை நான் கொட்டாஞ்சேனைக்குக் கட்டிக்கொண்டு போவேன். அவர் ஒரு துண்டு வாயில் வைத்து நாங்கள் பார்த்ததில்லை, பார்க்கவில்லை என்பதையும் கவனித்ததில்லை. டீச்சர் சுத்த சைவம். கேக்கின் ருசி அவருக்குத் தெரியவே தெரியாது.

டீச்சரின் தொலைபேசியிலேயே நோர்வேக்குத் திரும்ப எடுத்தேன். டீச்சர் மனம் நிறைந்த சந்தோசத்தோடு ஏற்றுக்கொண்டா, ஆனால் முட்டை சேர்க்கமாட்டா, வேறு ஏதாவது தெரிவுசெய்யலாம் என்று தொழில்முறையாகச் சொன்னேன்.  

“எங்கட அம்மாவும் தொடமாட்டா,” என்றார்.

 டீச்சர் பக்கத்தில் நின்று கையை நீட்டினார், ரிசீவரைக் கொடுத்தேன். அவர் அந்தப் பையனிடம் தாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே அரிசி கிடைக்குமா, யார் சமைக்கிறது, குளிருக்குக் காலில் என்ன போடுகிறது என்று கேட்டார். வெந்தயக் குழம்பு வைக்கிற முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார், அதைத் திரும்பச் சொல்ல வைத்துப் பிழை திருத்தினார். வைத்த பிறகு கதிரையில் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை, ஆனால் ‘ழ’கரம் சரியில்லை என்றார். கேக்குக்குப் பதிலாக டீச்சருக்கு ஒரு பழக்கூடை போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு பழக்கூடை போனது.

விசா ஒரு மழைக்காலத்தில் வந்தது. டீச்சர் எங்களுக்குச் சொல்ல வந்தபோது அவருடைய சந்தோசத்தைப் பார்த்திருக்கவேண்டும். நாங்கள் இருவரும் அதற்கு ஏற்ற முகத்தை வைக்கச் சிரமப்பட்டோம். போக முன்னால் ஒரு கிழமை முழுக்க அக்கா அவரை விடவில்லை. தைப்பொங்கல் தட்டு, தீபாவளிப் பலகாரம், நத்தார் கேக், வருசப்பிறப்புக் கைவிசேடக் காசு என்று வருடத்தின் எல்லாக் கொண்டாட்டங்களையும் அந்த ஒரு யன்னலடியில் கொண்டாடி முடித்தோம். நடு மழையில் சித்திரைப் புத்தாண்டுக்கு நான் அமத்திய படத்தில், யன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடுவது தெரியும். ஒருவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. புறப்படும் நாளில் வான் வண்டியில் ஏறியதும் டீச்சர் கண்ணாடியை இறக்கி, நோர்வேப் பிள்ளைக்குத் தன்னுடைய புது இலக்கத்தைக் கொடுக்கச் சொல்லி இரண்டு தடவை சொன்னார். கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பழக்கூடை ஓர்டர் எங்களுக்கு வரவில்லை. அவர்கள் எங்கள் துணையில்லாமலேயே கதைத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எதிர் வீட்டுக்குப் புதிதாக ஓர் இளம் குடும்பம் வந்தது. மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள். கணவர் மருதானையில் ஒரு மோட்டார்ச் சாமான் கடையில் வேலை, மனைவிக்கு என் வயதுதான் இருக்கும், இடுப்பில், அப்போதுதான் தவழத் தொடங்கிய ஒரு பெண்குழந்தை. பூப்போட்ட திரைச்சீலை போய், தக்காளிச் சிவப்பில் ஒன்று தொங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து, இனி யன்னலால் பயனில்லை என்று சோர்ந்துபோனார். இருந்தாலும் கேட்டோம். அந்தப் பெண் மிக ஆசையாக ஓம் என்றா. அவவும் கை காட்டினால் போதும் என்று சொன்னோம். மறுநாள் நகங்களுக்கு அதே தக்காளிச் சிவப்புப் பூசிக்கொண்டு நின்றா.

நானும் அக்காவும் கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தோம். ஆனால் புதுப் படங்கள் போன பிறகு வந்த ஓர்டர்கள் வேறு மாதிரி இருந்தன. அம்மாவுக்கு, மாமிக்கு என்று வந்தது குறைந்து, நிச்சயம் செய்து வைத்திருக்கிற பெண்ணுக்கு, புதிதாகக் கட்டின மனைவிக்கு என்று பையன்கள் அனுப்பத் தொடங்கினார்கள். இதயம் வரைந்த சிவப்புக் கேக் ஒன்றை, முன்பு யாரும் திரும்பிப் பார்க்காததை, ஒரே மாதத்தில் அவ்வளவு பேர் கேட்டார்கள்.

ஒரு பின்னேரம் அந்த இதயக் கேக்கையே வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே காலி வீதியில் ஏதோ வாகனத் தொடரணிக்காகப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள், ஹோர்ன் சத்தம் மேலே வரைக்கும் வந்தது. எல்லோரும் யன்னலால் எட்டிப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தில் குழந்தை கதிரையைப் பிடித்து எழுந்து நின்று, மேசைக்குக் கை எட்டி, ஐந்து விரலையும் இதயத்தின் நடுவில் பதித்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் முழங்கை வரைக்கும் சிவப்பு ஐசிங். தாய் பதறிப்போய்த் துணியை எடுக்க ஓடினா.

அக்கா கேக்கைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

“துடைக்காதேங்கோ,” என்றார் அவவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “கெதியா எடு.”